பழைய ஜப்பானிய வாள்: மதிப்பீடும் மறுசீரமைப்பும்

பழைய ஜப்பானிய வாள் மதிப்பீடு என்பது, மரபு முறையில் அடிக்கப்பட்ட ஒரு வாளின் காலம், அதைச் செய்த கொல்லர், தற்போதைய நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, அது வாங்குவதற்கும் மறுசீரமைப்பதற்கும் தகுந்ததா என முடிவு செய்வதாகும். மறுசீரமைப்பின் முதன்மையான பணி, சாணைக்கற்களால் வாளைத் தீட்டி மெருகூட்டுவது ஆகும். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு சிறிதளவு தேய்கிறது. தேய்ந்ததை மீண்டும் சேர்க்க இயலாது. எனவே இம்முடிவு விலையை மட்டுமன்றி வாளின் எஞ்சிய ஆயுளையும் சார்ந்தது.

பின்னணி

ஜப்பானில் பொதுமக்களும் சாமுராய்களும் பொது இடங்களில் வாள் அணிவது 1876 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. 1945 இல் ஜப்பான் சரணடைந்தபின் ஏராளமான வாள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. நேச நாட்டுப் படைவீரர்கள் பலவற்றை நினைவுப்பொருளாகத் தத்தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். இன்று ஜப்பானுக்கு வெளியே துருவேறிய நிலையில் கிடைக்கும் வாள்களுள் பல இவ்வாறு சென்றவை.

போர்க்கால அதிகாரிகளுள் சிலர் தம் குடும்பத்தின் பழைய வாளைப் படைத்துறை உறையிலும் கைப்பிடியிலும் பொருத்தி அணிந்தனர். வேறு பலர் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட வாள்களை அணிந்தனர். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், உறையைக் கொண்டு வாளின் காலத்தைக் கூற இயலாது.

வால்பகுதி

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதி நாகாகோ எனப்படும். கைப்பிடியை இறுக்கும் மூங்கில் ஆணியை அகற்றினால் இதைக் காணலாம். கொல்லரின் பெயர்ப் பொறிப்பு, அரத்தின் தடங்கள், ஆணித்துளைகள், துருவின் நிறம் ஆகியன இங்குள்ள சான்றுகளாகும். நூற்றாண்டுகளாகப் படிந்த துரு கரும்பழுப்பு நிறத்தில் இறுகியிருக்கும். இத்துருவைச் சுரண்டி நீக்கினால் காலத்தைக் காட்டும் சான்று அழிந்து, வாளின் மதிப்பு பெரிதும் குறையும்.

பெயர்ப் பொறிப்பு மட்டும் போதிய சான்று ஆகாது. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாகப் பொறிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்துள்ளது. மாறாக, பெயர் இல்லாமையும் குறையன்று. நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் குட்டையாக்கியபோது வால்பகுதி வெட்டப்பட்டுப் பெயர்கள் மறைந்தன. மசமுனே செய்தவையாகக் கருதப்படும் வாள்களுள் பெரும்பாலானவை பெயரற்றவை.

குறைகள்

வாளின் வெட்டுவாயை ஒட்டி வெண்மையாகத் தோன்றும் கோலம் ஹமோன் எனப்படும். வெட்டுவாயில் மெல்லியதாகவும் முதுகில் தடிப்பாகவும் களிமண் பூசி, சூடேற்றி, நீரில் தோய்ப்பதால் வெட்டுவாய் மட்டும் மிகக் கடினமாகிறது. அக்கடினப் பகுதியின் எல்லையே ஹமோன் ஆகும். தொழிற்சாலை வாள்கள் சிலவற்றில் அமிலத்தால் இதைப் போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டுள்ளது.

சரிசெய்யக்கூடிய குறைகள்:
- மேற்பரப்புத் துரு, கீறல்கள்
- ஹமோனின் எல்லையைத் தொடாத சிறு பற்கள்
- உடைந்த உறை, சிதைந்த கைப்பிடிச் சுற்று

சரிசெய்ய இயலாத அல்லது மதிப்பைப் பெரிதும் குறைக்கும் குறைகள்:
- ஹகிரே: வெட்டுவாய்க்குக் குறுக்காக ஓடும் வெடிப்பு. மயிரிழை போல் மெல்லியதாயினும் இது மிகக் கொடிய குறையாகக் கருதப்படுகிறது.
- நுனிப்பகுதியில் ஹமோன் தேய்ந்து மறைதல்
- மிகுதியான தீட்டலால் மேலுறை எஃகு தேய்ந்து, உள்ளிருக்கும் மென்மையான இரும்பு தெரிதல்
- தீயில் பதம் இழந்து மீண்டும் தோய்க்கப்படுதல்

வால்பகுதியை விட அலகு குறிப்பிடத்தக்க அளவு மெலிந்திருந்தால், அது பலமுறை தீட்டப்பட்டிருப்பதைக் காட்டும்.

இவற்றுக்கு விலக்குகளும் உண்டு. 1615 இல் ஒசாக்கா கோட்டை வீழ்ந்தபோது தீயில் சிக்கிய புகழ்பெற்ற வாள்கள் சிலவற்றை, தொக்குகாவா இயேயசுவின் ஆணைப்படி யசுத்சுகு என்னும் கொல்லர் மீண்டும் தோய்த்தார். அவை வரலாற்றுச் சிறப்பால் இன்றும் போற்றப்படுகின்றன.

மறுசீரமைப்பு

பயிற்சி பெற்ற தீட்டுநர், சொரசொரப்பான கல்லில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய கற்களுக்குச் சென்று, இறுதியில் விரலால் அழுத்தித் தேய்க்கும் மெல்லிய கற்சில்லுகளைப் பயன்படுத்துகிறார். மின்சாணையோ உப்புத்தாளோ பயன்படுத்தினால் அலகின் கூரிய விளிம்புக் கோடுகள் மழுங்கிவிடும். அவற்றை மீட்க, துரு தின்றதை விட அதிக எஃகைத் தேய்க்க நேரிடலாம்.

முழுத் தீட்டலின் செலவு பெரிதாகையால், சில வாள்களில் முதலில் ஒரு சிறு பகுதி மட்டும் தீட்டிப் பார்க்கப்படுகிறது. இது சாளரம் எனப்படும். எஃகின் தன்மையையும் ஹமோனையும் இதன்வழி அறியலாம்.

சான்றிதழும் சட்டமும்

1948 இல் நிறுவப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம், வாள்களை ஆராய்ந்து ஹோசோன் முதல் தொக்குபெத்சு ஜூயோ வரை நான்கு தரங்களில் சான்றிதழ் வழங்குகிறது. ஜப்பானில் வாள்கள் பதிவு செய்யப்பட வேண்டும். மரபு முறையில் செய்யப்படாத போர்க்காலத் தொழிற்சாலை வாள்கள் பதிவுக்குரியன அல்ல. ஆகவே அவற்றைத் தீட்டுவதற்காக ஜப்பானுக்கு அனுப்ப இயலாது.

முடிவு செய்தல்

கொள்முதல் விலையும் மறுசீரமைப்புச் செலவும் சேர்ந்து வாளின் இறுதி மதிப்பை விஞ்சுவது பொதுவாகக் காணப்படுவதே. அத்தகைய வாளுக்குத் துரு மேலும் பரவாதபடி மெல்லிய எண்ணெய் பூசி வைத்தலே போதுமானது. துருவேறிய நிலையிலும் சிதையாத வால்பகுதியுடன் உள்ள வாளை, பின்னொரு காலத்தில் தகுந்த தீட்டுநர் மீட்க இயலும்.