நூற்றுக்கு அறுபத்திரண்டரை!

"படம் எப்படிண்ணே?"

"இடைவேளை வரைக்கும் தேறும். அப்புறம் தூக்கம்தான்!"

ஆர்.கே.பேட்டை டீக்கடையில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் போதும், நாலு பேருக்கு டிக்கெட் காசு மிச்சம்.

மார்க் போடுவதில் ஆனந்த விகடன் கறார் வாத்தியார். 1977-ல் வந்த '16 வயதினிலே'வுக்கு அள்ளிக் கொடுத்ததே 62.5தான்! 1987-ல் 'நாயகன்' வாங்கியது 60. அதே படத்தை 2005-ல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, தனது சிறந்த 100 படங்கள் பட்டியலில் சேர்த்தது. அறுபதுக்கே அந்த மரியாதை.

இப்போது செல்போன் வைத்திருக்கிற எல்லோருமே வாத்தியார். படத்தையே பார்க்காமல் முட்டை போடுகிற ஆசாமிகளும் உண்டு. தயாரிப்பாளருக்கு வயிறு எரியாதா? 2024 டிசம்பரில், ரிலீஸாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கருத்துச் சுதந்திரம் இருக்கிறதே என்று நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார்.

கோடி போட்டவர் கவலை நியாயம்தான். ஆனால், தறி ஓட்டுகிறவரும் திருவள்ளூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவரும் போடுவது ஒருநாள் கூலியாச்சே? வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால், அவர்களுக்கு லீவு கிடைக்கிற ஞாயிறும் அந்த மூன்று நாளுக்குள்தான் வருகிறது.

திங்கட்கிழமை விமர்சனம் யாருக்கு ஸார் வேணும்?