நெட், செட் பாஸ் பண்ணியாச்சு... வகுப்பு எடுக்க யார் சொல்லித் தருவார்கள்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ, ஆ' சொல்லித் தருகிறவர், அதற்கென்று ஒரு படிப்பு படித்துவிட்டுத்தான் வர வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் இரண்டு வருட பி.எட். முடித்திருப்பார். அதில் பல வாரங்கள் நிஜப் பள்ளியில், நிஜப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பழகியிருப்பார். கல்லூரியில் அப்படி இல்லை. முதுகலையில் தேவையான மதிப்பெண், 'நெட்' அல்லது 'செட்' தேர்ச்சி, இல்லையென்றால் பிஹெச்.டி. இருந்தால் விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்த மறுநாளே அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நுழையலாம்.

இந்தத் தகுதித் தேர்வுக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1984-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில்தான் இருக்கிறது. 2016, 2017, 2018 என மூன்று வருடங்கள் மாநில 'செட்' தேர்வை நடத்தியதும் அந்தப் பல்கலைக்கழகம்தான். இன்று தமிழகக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் பலருடைய 'செட்' சான்றிதழ் இந்த மலையிலிருந்து இறங்கி வந்ததுதான்!

ஆனால், தேர்வு எதைச் சோதிக்கிறது? இப்போதைய முறைப்படி மொத்தம் 150 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. முதல் தாளில் இருக்கும் பத்துப் பிரிவுகளில் ஒன்றே ஒன்றுதான் கற்பித்தல் திறன். நீச்சல் தெரியுமா என்று பேப்பரில் பரீட்சை வைத்துவிட்டு நேராகக் கிணற்றில் தள்ளிவிடுவதைப்போலத்தான் இது.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

2021-22 கணக்குப்படி, உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவிகிதம். தமிழ்நாட்டில் 47 சதவிகிதம். அதாவது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வகுப்பில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பணம் அவர்களைக் கல்லூரி வரை கொண்டு வந்து விட்டுவிடும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்கள் தொடர்வார்களா, பாதியில் நிற்பார்களா என்பதைத் தீர்மானிக்கும்.

பழனி மலைத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். பூம்பாறையில் பூண்டு, மன்னவனூரில் காய்கறி, தாண்டிக்குடியில் காபி என்று தோட்டத்தை நம்பி வாழும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே ஐம்பது நிமிடம் ஆங்கிலத்தில் பாடம். முடிவில் ஆசிரியர், "புரிஞ்சுதா?" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். (நாம் ஆட்டாத தலையா!) அவளும் ஆட்டுகிறாள். முதல் இன்டர்னல் மார்க் வரும்வரை, அவளுக்குப் புரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

இதில் புது ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தனக்கு எப்படி நடத்தப்பட்டதோ, அப்படியே அவரும் நடத்துகிறார். வேறு விதம் இருக்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை.

மூன்று விநாடி போதும்

வேறு விதம் என்றால் ஸ்மார்ட் போர்டு, ஏ.சி. ஹால் எல்லாம் வேண்டாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான்! அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வியை மனசுக்குள் தமிழாக்கி, பதிலை மறுபடி ஆங்கிலமாக்கும் மாணவிக்கு அந்த மூன்று விநாடியும் தங்கம்.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவிகிதம். மாணவர்களும் பேசி, விவாதித்து, கணக்குப் போட்டுப் பார்க்கும் வகுப்புகளில் 21.8 சதவிகிதம். நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்பது ஒரு பெஞ்சில் முடிகிற எண்ணிக்கை இல்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் இப்படித்தான், சின்னச் சின்ன விஷயங்கள் போதும். 2016 சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவிகித இடம் உண்டு. சட்டம் சீட் வாங்கித் தரும். போர்டில் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினால் பார்வையற்ற மாணவருக்கும் பாடம் கிடைக்கும். புத்தகப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், அதைப் படித்துக் காட்டும் செயலி பெரும்பாலும் தடுமாறும். டைப் செய்த குறிப்பு என்றால் படித்துவிடும். காது கேளாதவருக்கு ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும். போர்டைப் பார்த்தபடியே பேசினால் அவருக்கு அந்த வகுப்பு கிடையாது.

மலையில் இன்னொரு விஷயம்... அடைமழைக் காலத்தில் மரம் விழுந்தோ, மண் சரிந்தோ பஸ் தாமதமாகும். முக்கியமான அறிவிப்பை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிட்டால், தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். கடைசியில் ஒருமுறை மறுபடி சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

பயிற்சியே இல்லையா?

இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகளை யு.ஜி.சி. தொடங்கியது. பெயர்கள் மாறி மாறி, 2023 செப்டம்பர் 5 முதல் 'மாளவியா மிஷன்' என்ற பெயரில் இயங்குகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'குரு தக்ஷதா' என்று ஒரு மாதப் பயிற்சியும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பயிற்சி பதவி உயர்வோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் தேவைப்படுவது, பதவி உயர்வு நெருங்கும்போது வாங்கிக்கொள்ளும் சான்றிதழாகிவிடுகிறது. அரசுக் கல்லூரிகளில் பாதி பாரத்தைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கோ பதவி உயர்வே இல்லை. பிறகு எந்தப் பயிற்சிக்கு யார் அனுப்புவார்கள்? என்னைக் கேட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

அதுவரை, துறைக்குள்ளேயே செய்துகொள்ள ஒரு வழி உண்டு. புதியவரின் வகுப்பில் சீனியர் ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். சீனியரின் வகுப்பில் புதியவரும் அப்படியே உட்காரலாம். மார்க் போடுவதற்கு இல்லை, டீ குடித்துக்கொண்டே பேசுவதற்கு.

இன்னும் எளிய வழி துண்டுச் சீட்டு. வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, 'இன்று புரிந்தது என்ன, புரியாதது என்ன' என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்று சொல்லிவிட வேண்டும். பெயர் மட்டும் எழுதச் சொல்லக் கூடாது. மறுநாள் வகுப்பை, அந்தச் சீட்டுகளில் அதிகம் பேர் 'புரியவில்லை' என்று எழுதிய இடத்திலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம்.