ஏக்கரா, சதுர கிலோமீட்டரா?

2019 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய வளத் திறன் கொள்கை என்ற வரைவை வெளியிட்டு, ஆகஸ்ட் 24 வரை பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. தோண்டி எடுத்ததைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கான நாடு தழுவிய திட்டம் அது. அதில் ஒரு வரி: இந்தியாவில் எடுக்கப்படும் வளம் ஏக்கருக்கு 1,580 டன், உலகச் சராசரி ஏக்கருக்கு 450 டன்.

பெருக்கிப் பார்த்தேன். நாட்டின் பரப்பு 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 247 ஏக்கர் என்றால் மொத்தம் 81 கோடி ஏக்கர். அதை 1,580-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,28,000 கோடி டன் வருகிறது. உலகம் முழுவதும் சேர்ந்தே ஒரு வருஷத்தில் தோண்டியும் வெட்டியும் அறுத்தும் எடுப்பது 10,000 கோடி டன்னை ஒட்டித்தான். உலகத்தைப் போலப் பதின்மூன்று மடங்கை நாம் மட்டும் தோண்டியிருந்தால் நிற்க இடம் இருக்காது. ஏக்கரை எடுத்துவிட்டுச் சதுர கிலோமீட்டரைப் போட்டால் 519 கோடி டன். இது நம்பக்கூடிய எண். வரைவே வேறோர் இடத்தில் சொல்லும் 700 கோடி டன் நுகர்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அலகு மாறிப்போனது யார் கையிலும் நடக்கக்கூடிய பிழைதான். ஆனால் கருத்துக் கேட்பு என்று ஒன்றை வைப்பதே இதற்காகத்தானே? செய்தித்தாள்கள் ஏக்கர் என்றே அச்சிட்டன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் குறிப்புகளில் இன்றும் ஏக்கர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்ற எண்களுக்கு வருவோம். 1970-இல் இந்தியா பயன்படுத்திய பொருள் 118 கோடி டன், 2015-இல் 700 கோடி டன், 2030-இல் 1,420 கோடி டன் ஆகலாம் என்பது கணிப்பு. கோடி டன் யாருக்கும் கண்ணில் நிற்காது. தலைக்கு வகுத்துப் பார்க்கலாம். 1970-இல் மக்கள்தொகை சுமார் 55.5 கோடி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2015-இல் 131 கோடிப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 14.6 கிலோ. வீட்டுக்கு வரும் சிலிண்டரில் அடைத்திருக்கும் எரிவாயு 14.2 கிலோ. அதாவது கைக்குழந்தை முதல் கிழவி வரை ஆளுக்கொரு சிலிண்டர் எடை, தினமும். 2030-இல் 151 கோடிப் பேர் என்று வைத்தால் ஏறக்குறைய 26 கிலோ, ஓர் அரிசிச் சிப்பம் அளவு. இதில் சாப்பிடுவது கொஞ்சம். மணல், ஜல்லி, சிமெண்ட், நிலக்கரி, வைக்கோல் எல்லாம் சேர்ந்த எடை இது. 45 வருஷத்தில் ஜனம் 2.4 மடங்கு பெருகியது, பொருள் 6 மடங்கு. கூட்டம் கூடிப்போனதுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க இந்தக் கணக்கு இடம் கொடுப்பதில்லை.

மறுசுழற்சி விகிதம் இங்கே 20 முதல் 25 சதவீதம், வளர்ந்த ஐரோப்பிய நாடுகளில் 70 என்கிறது வரைவு. எதில் 70? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமே, பயன்படுத்தும் மொத்தப் பொருளில் மறுசுழற்சியிலிருந்து வருவது 12 சதவீத அளவில்தான் என்று கணக்குக் காட்டுகிறது. சேர்ந்த குப்பையில் எவ்வளவு மீண்டது என்பது ஒரு கணக்கு, வாங்கிக் குவித்ததில் எவ்வளவு மறுசுழற்சியிலிருந்து வந்தது என்பது வேறு கணக்கு. கட்டிடமாக எழுந்துவிட்ட ஜல்லி அடுத்த ஐம்பது வருஷத்துக்குக் குப்பைக்கே வராது.

இந்த வரைவுக்குக் கருத்துச் சொல்ல ஏறக்குறைய ஒரு மாதம் கிடைத்தது. வரைவை மக்கள் தங்கள் மொழியில் படிக்க முடியுமா என்ற பிரச்சினை அடுத்த வருஷம் வேறொரு வரைவில் வெடித்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, கருத்துச் சொல்லும் கெடு ஆகஸ்ட் 11-க்குத் தள்ளிப்போனது. வளத் திறன் கொள்கைக்கு அந்த யோகம் இல்லை. அது வரைவாகவே நின்றுவிட, அதன் துண்டுகள் தனித்தனி விதிகளாக வந்தன. பிளாஸ்டிக் பொதிகளுக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்கும் விதி 2021 அக்டோபரில் வரைவாகி, 2022 பிப்ரவரி 16-இல் சட்டமானது. மின்னணுக் கழிவு விதி அதே வருஷம் நவம்பரில். பழைய வாகனங்களுக்கு 2025 ஜனவரியில்.

வரைவின் இலக்குகளில் இரண்டை மட்டும் தராசில் ஏற்றுகிறேன். பெட் பாட்டில் 2025-க்குள் 100 சதவீதம் மறுசுழற்சி, மற்ற பிளாஸ்டிக் பொதிகள் 2030-க்குள் 75 சதவீதம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் 2017 மதிப்பீட்டில் இந்தியாவின் பெட் மறுசுழற்சி ஏற்கெனவே 90 சதவீதம். ஜப்பான் 72, ஐரோப்பா 48, அமெரிக்கா 31. தொழிலுக்கு இதமான எண் என்று யாராவது பத்தைக் கழித்தாலும் நாம்தான் முன்னால். இதை எந்தக் கொள்கையும் கொண்டுவரவில்லை, பாட்டில் பொறுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள் கொண்டுவந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக 20, 25 கிராம். கிலோ சேர 40, 50 தடவை குனிய வேண்டும். குனிந்தால் காசு வரும் என்பதால் குனிந்தார்கள்.

ஷாம்பு சாஷேயை எடுங்கள். காலி உறை ஒரு கிராமைத் தொடாது. கிலோவுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் குனிய வேண்டும். பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்குவதும் எளிதல்ல. 75 சதவீத இலக்கு இந்த உறைகளுக்கும் சேர்த்துத்தான். யார் குனிவார்கள், என்ன கூலிக்கு என்ற பத்தியைத்தான் எந்த வரைவிலும் நான் முதலில் தேடுவேன்.

போன மாதம் பழைய பேப்பர் போடப் போனபோது, பையடியில் கிடந்த ஒரு பிடி சாஷேயையும் தட்டில் வைத்தேன். எங்கள் தெருக் காயலான் கடைக்காரர் தராசு முள்ளைப் பார்க்கவே இல்லை. புறங்கையால் தள்ளிவிட்டு, “இது சேராது சார், குப்பைல போட்ருங்க” என்றார்.