சாவி வைத்திருந்தவர்கள்

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 375 இடங்கள் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நீதிக்கட்சியின் பெயரில் வென்று போனவர் ஒரே ஒருவர். தொகுதி கம்பம். வென்றவர் உத்தமபாளையம் பி.டி. ராஜன். 1936-இல் ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில் நிலபுலன் மிகுந்த குடும்பத்துப் பிள்ளை. 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது அதை ஏற்காமல் பழைய பெயரோடு ஒதுங்கி நின்றவர்களுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அவர்தான் தலைவர். கம்பத்தில் அவரை ஜெயிக்க வைத்தது கட்சி அல்ல, குடும்பத்தின் செல்வாக்கு. யோசித்தால் நீதிக்கட்சி பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தது. 1917-இல் ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டைத் தொடங்குவதற்கே பங்குகள் விற்று ஒரு கம்பெனி வைத்தார்கள். பங்கு வாங்கப் பணம் யாரிடம் இருந்ததோ அவர்களே கட்சியின் தூண்கள். பனகல் அரசர், பொப்பிலி அரசர் என்று தலைமையும் அந்த வட்டத்தைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. 1937-இல் காங்கிரஸ் 215-இல் 159 இடங்களை அள்ளியபோது பொப்பிலி அரசர் தம் சொந்த ஊரிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். அதன்பின் மடியை அவிழ்க்க ஆளில்லை. யாரிடமும் கையேந்திப் பழகாத கட்சி, கொடுப்பவர்கள் மடியைக் கட்டிக்கொண்டதும் வீட்டோடு ஒடுங்கிவிட்டது.

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இதுவரை பார்த்தோம். இந்த வாரக் கேள்வி வேறு: அந்தப் பணத்தை யார் கை வாங்குகிறது? கம்பம் பள்ளத்தாக்கில் திருவிழா நடத்தும் எந்த ஊரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டபிறகு நாலு பேர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். யார் கேட்குமுன் எடுத்துத் தருகிறார், யார் ‘நாளைக்கு வாங்க’ என்கிறார், எந்த வீட்டில் பங்காளித் தகராறு, திராட்சை விலை சரிந்ததால் இந்த வருஷம் யாரை நெருக்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாகிவிடும். வசூலான பணத்தைப் பூட்டி வைத்துக்கொள்ள இன்னொருவர் இருப்பார். நாணயமானவர் என்று ஊரே நம்புவதால் அவரிடம் சாவி இருக்கும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போவது நோட்டுத் தூக்கியவர்களில் ஒருவராக இருக்கலாம். சாவிக்காரராக இருப்பது அபூர்வம். கட்சிகளில் இந்த இரண்டு வேலைக்கும் பொருளாளர் என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் நமக்குக் குழப்பம். பொருளாளர் பதவி தலைமைக்கு ஏணியாவது, அவரே ஊர் ஊராக அலைந்து திரட்டிய பணமாக இருந்தால் மட்டும்தான். ஏற்கெனவே வந்து சேர்ந்த பணத்துக்குக் காவலிருந்தவருக்கு அந்த ஏணி கிடையாது. தமிழ்நாட்டின் அறுபதாண்டு வரலாற்றை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் சான்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1962-இல் 50 இடங்களில் வென்ற திராவிட முன்னேற்றக் கழகம் 1967-இல் ஆட்சியைப் பிடிக்கக் குறிவைத்தது. தேர்தல் நிதியாகப் பத்து லட்சம் ரூபாய் வேண்டும் என்றார் அண்ணா. திரட்டும் பொறுப்பு பொருளாளர் கருணாநிதியுடையது. 1966 இறுதியில் விருகம்பாக்கத்தில் நடந்த மாநாட்டில் அவர் பதினோரு லட்சத்தை ஒப்படைத்தார். வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் பெயருக்குப் பதிலாக ‘பதினோரு லட்சம்’ என்று சொன்னதாகக் கழக மேடைகளில் இன்றும் சொல்வார்கள். கதையில் எல்லாரும் கைதட்டுவது அந்தத் தொகைக்கு. நான் கவனிக்கச் சொல்வது, அது சேர்ந்த விதத்தை. ஆலை முதலாளிகளும் பேருந்து முதலாளிகளும் பெரும்பாலும் ஆளும் காங்கிரஸின் பக்கம் இருந்த காலம் அது. கழகத்துக்கு வந்ததெல்லாம் சில்லறை: கூட்டத்துக்கும் மாநாட்டுக்கும் நுழைவுக் கட்டணம், நாடக வசூல், கொடியேற்றப் போனால் ஊர்க்கிளை தரும் பணமுடிப்பு, துண்டேந்தி வாங்கிய நாணயங்கள். இப்படிப் பதினோரு லட்சம் சேர வேண்டுமென்றால் எத்தனை ஊர்களில் இறங்கியிருக்க வேண்டும், எத்தனை கிளைச் செயலாளர்களின் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சொன்ன தொகையைத் தரும் மாவட்டம் எது, மேடையில் முழங்கிவிட்டுப் பாதியை மட்டும் அனுப்பும் மாவட்டம் எது என்பது கட்சியில் வேறு எவரையும்விட அவருக்குத் தெரிந்திருந்தது. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். அமைச்சரவையில் அடுத்த இடத்தில் இருந்தவர் நெடுஞ்செழியன். ஒரு வாரத்தில் முதலமைச்சரானவர் கருணாநிதி. அந்த ஆண்டிலேயே கட்சித் தலைவரும் ஆனார்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். கருணாநிதி வென்றது பேச்சால், எழுத்தால், ‘முரசொலி’யால், அதற்கும் மேலாக, எம்.ஜி.ஆர். கொடுத்த ஆதரவால், நிதி வசூலுக்கு இதில் என்ன வேலை என்பார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் ஆதரவு இல்லாமல் 1969 அப்படி முடிந்திருக்காது. ஆனால் பேச்சும் எழுத்தும் அந்தக் கட்சியில் யாருக்குத்தான் இல்லை? நாவலர் என்ற பட்டமே நெடுஞ்செழியனுக்குப் பேச்சால் வந்தது. அவர் மேடை ஏறினார், இறங்கினார், அடுத்த ஊருக்குப் போனார். கருணாநிதி மேடையிலிருந்து இறங்கியபிறகு ரசீதுப் புத்தகத்தைக் கேட்டார். சட்டமன்றக் கட்சியில் தலைகளை எண்ணும் நாளில், வேட்பாளர்களுக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் அனுப்பியவருக்கும் அவர்களைப் பாராட்டிப் பேசியவருக்கும் இடையே வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

அடுத்த பொருளாளர் எம்.ஜி.ஆர். என் வாதத்துக்குக் கொஞ்சம் சங்கடம் தருபவர் அவர். 1969-இல் பொறுப்பு ஏற்றார். 1972 அக்டோபர் 8-இல் திருக்கழுக்குன்றத்துப் பொதுக்கூட்டத்தில் அமைச்சர்களும் கட்சி நிர்வாகிகளும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். ஆறே நாளில் கட்சியைவிட்டு நீக்கப்பட்டார். பதினேழாம் தேதி புதுக்கட்சி, அ.தி.மு.க. கட்சியின் கணக்கு யாரிடம் இருக்க வேண்டுமோ அவரே வீதியில் நின்று கணக்குக் கேட்டால் என்ன பொருள்? பொதுக்குழுவில் கேட்டிருக்கலாமே என்று கழகத்தார் கேட்டார்கள். கேள்வி நியாயமானது; ஆனால் அந்தக் கேள்வியே அவர் எப்படிப்பட்ட பொருளாளராக இருந்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பெயர் அவருடையது, வரவும் செலவும் வேறு கையில். வெறும் சாவிக்காரர் என்றால் அந்த வாரத்தோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் கட்சியின் கிளைகளுக்கு இணையாக அவரிடம் ரசிகர் மன்றங்கள் இருந்தன. வசூலிக்கும் வலையைக் கழகத்திடமிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை; சொந்த வலை கைவசம் இருந்தது. ஏழு மாதம் கழித்து, 1973 மே மாதம், நம் பக்கத்துத் திண்டுக்கல்லில் நடந்த மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார்; ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. பெட்டியை விட்டுவிட்டுப் போனவர் ஊரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதே 1972-இல் அமெரிக்காவிலும் ஒரு பொருளாளர் கதை நடந்தது. 1968 தேர்தல் முடிந்தபோது ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தொண்ணூறு லட்சம் டாலருக்கு மேல் கடன். 1970-இல் டெக்சாஸ்காரரான ராபர்ட் ஸ்ட்ராஸைப் பொருளாளராக்கினார்கள். கடன்காரர்களிடம் பேசித் தவணை வாங்குவது, பணக்காரர்களிடம் கேட்பது, 1972-இல் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தி வீட்டிலிருப்பவர்களிடம் சிறுதொகை கேட்பது என்று கட்சியை மூச்சுவிட வைத்தார்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் கட்சி படுதோல்வி. டிசம்பரில் தேசியக் குழுவின் தலைவர் பதவி ஸ்ட்ராஸிடம் வந்தது. எதிர்முகாமில் நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குப் பணம் குவிந்தது. வாட்டர்கேட் கட்டடத்தில் ஜூன் 17-ஆம் தேதி பிடிபட்டவர்களிடம் இருந்த நோட்டுகளின் தடம் பிடித்துப் போனபோது அந்தக் குழுவின் கஜானாதான் வந்தது. நிக்சன் பதவி விலகிய 1974-இல், தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பும் கண்காணிக்க ஓர் ஆணையமும் சட்டமாயின. அமெரிக்காவை அப்படியே நமக்குப் பொருத்தக்கூடாது என்பதும் உண்மை. அங்கே தேசியக் குழுத் தலைவர் என்பவர் அமைப்பாளர் மட்டுமே. கட்சியின் முகம் அதிபர் வேட்பாளர். ஸ்ட்ராஸ் பெரிய மனிதராக இருந்தும் வேட்பாளராகவில்லை. நமக்கு அமைப்பாளரும் முகமும் ஒரே ஆள். ஆகவே ஏணி இங்கே இன்னும் உயரம் போகிறது.

வடக்கிலிருந்து ஓர் உதாரணத்தை என்மேல் எறியலாம். காங்கிரஸின் சீதாராம் கேசரி பதினைந்து ஆண்டுக்கும் மேலாகப் பொருளாளர். ஏடும் கிடையாது, பேரேடும் கிடையாது, கேசரி வாய்தான் கணக்கு என்று கட்சிக்காரர்களே கேலி செய்த ஆள். 1996 செப்டம்பரில் கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு சரத் பவாரையும் ராஜேஷ் பைலட்டையும் தேர்தலில் தோற்கடித்தார். சாவிக்காரர் தலைவராக முடியாது என்றாயே, இதோ ஆகியிருக்கிறாரே என்று கேட்கலாம். ஆனார், 1998 மார்ச்சில் செயற்குழு அவரை அப்புறப்படுத்தியபோது கட்சிக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. அவர் கையில் இருந்தது மேலிருந்து வந்து கீழே பிரித்துக் கொடுத்த பணம். வாங்கியவர்கள் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிகளையும் மறுப்பாகக் காட்டலாம்: உண்டியல் குலுக்குவதில் அவர்களுக்கு நிகர் இல்லை, ஆனால் அங்கே பொருளாளர் பெயரைத் தெரிந்த தொண்டரே குறைவு. காரணம் எளிது. உண்டியலை எல்லாரும் குலுக்குகிறார்கள். ஊரறிவு எல்லாருக்கும் பங்காகிறது. ஒருவர் தலையில் மட்டும் சேருவதில்லை.

இனி நம் பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம். பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வம் அ.தி.மு.க.வின் பொருளாளராக இருந்தவர், மூன்று முறை முதலமைச்சராகவும் இருந்தவர். 2017 பிப்ரவரி 7-ஆம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து எழுந்து சசிகலாவுக்கு எதிராகப் பேசினார். அன்றிரவே பொருளாளர் பதவி பறிபோய்த் திண்டுக்கல் சீனிவாசனிடம் போனது. உடனே பன்னீர்செல்வம் செய்தது, கட்சிக் கணக்குகளை யாரும் கையாள விடக்கூடாது என்று வங்கிகளுக்குக் கடிதம் எழுதியது. பிளவுபட்ட அணிகள் இணைந்தபின் பதவி அவரிடம் திரும்பியது. 2022 ஜூலை 11-இல் வானகரம் பொதுக்குழு அவரைக் கட்சியிலிருந்தே நீக்கியது. மீண்டும் திண்டுக்கல் சீனிவாசன் பொருளாளர், மீண்டும் வங்கிக்குக் கடிதம். இம்முறை வங்கி சீனிவாசனையே பொருளாளராக ஏற்றது. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மனிதர், ஒரே நெருக்கடி, ஒரே ஆயுதம். எம்.ஜி.ஆர். வெளியேறியபோது வங்கியை நினைக்கவில்லை. பன்னீர்செல்வத்துக்கு வங்கிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. ஜெயலலிதா காலத்து அ.தி.மு.க.வில் எவருக்கும் தனியாக வசூலிக்க இடமில்லை. எல்லாப் பணமும் போயஸ் தோட்டத்தை நோக்கி ஓடியது, எல்லா நன்றியும் அங்கேயே போனது. அப்படிப்பட்ட கட்சியில் பொருளாளர் என்றால் காசோலையில் கையெழுத்து என்றுதான் பொருள். விசுவாசத்துக்குக் கிடைத்த பதவி அது. விசுவாசத்துக்கு உரியவர் மறைந்ததும் கையெழுத்துக்கு மதிப்பு குறைந்துபோனது.

தி.மு.க.வில் ஸ்டாலின் 2008 முதல் 2018 வரை பொருளாளர், பிறகு தலைவர். தந்தை ஏறிய அதே படி. ஆனால் வாரிசுக்குப் படி தேவைப்பட்டிருக்காது என்பதால் அதைச் சான்றாக வைக்க எனக்கு மனமில்லை. அதைவிட அந்தக் கட்சியின் வரவுப் பக்கம் சுவாரசியமானது. 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் ரத்து செய்தது. அதையடுத்து வெளியான தகவல்களின்படி பத்திரங்கள் வழியே தி.மு.க.வுக்கு வந்தது 656.5 கோடி ரூபாய். அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம் கொடுத்தது. துண்டேந்த வேண்டாம், நாடகம் போட வேண்டாம், கிளைச் செயலாளரின் திண்ணையில் உட்கார வேண்டாம். ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் பத்திரம் வாங்கினால் போதும். இப்படி வரும் பணத்தில் பொருளாளர் எதைத் தெரிந்துகொள்வார்? எந்த ஒன்றியம் கொடுத்தது, எது கைவிரித்தது என்பது அவர் நோட்டில் ஏறாது. நீதிக்கட்சியும் சிலர் மடியை நம்பி இருந்த கட்சிதான். ஆனால் அந்த மடிக்காரர்கள் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள், கம்பத்தில் ஒருவர் தேர்தலில்கூட நின்றார். பத்திரம் வாங்கியவர்கள் எந்த மாநாட்டு மேடையிலும் ஏறவில்லை. பத்திரங்கள் போனபின் அந்தப் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் என்ற பழைய வழியில் திரும்பியது. அவற்றின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)