மேடை ஏறும் நாள்
(பெண்கள் உடற்கட்டுப் போட்டி)

"சாண்டோ" என்னும் சொல்லைக் கேளாத தமிழர் அரியர். கையில்லாத உள்ளாடைக்கும் அப்பெயர் வழங்குகிறது. திரண்ட தோளுடையாரையும் அப்பெயரால் அழைப்பதுண்டு. ஐரோப்பாவிற் பிறந்து இங்கிலாந்திற் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ என்னும் பலவானின் பெயரே அது. 1901-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலண்டன் மாநகரின் ஆல்பர்ட் மண்டபத்திலே அவர் நடத்திய போட்டியே இக்காலத்து உடற்கட்டுப் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. துப்பறியும் கதைகளால் உலகறிந்த ஆர்தர் கொனன் டொயில் அப்போட்டியின் நடுவர்களுள் ஒருவராக வீற்றிருந்தார். மேடையேறியவர் அனைவரும் ஆடவரே.

பெண்கள் இத்துறையிற் புகுவதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்டன் நகரிலே 1977-இல் ஹென்றி மக்கீ என்பவர் ஒழுங்குசெய்த போட்டியில், பெண்களும் முதன்முறையாக ஆடவரைப்போலத் தசைக்கட்டின் அடிப்படையில் மதிப்பிடப்பட்டனர். 1980-இல் "மிஸ் ஒலிம்பியா" என்னும் பெரும் போட்டி தொடங்கிற்று. ரேச்சல் மெக்லிஷ் அதன் முதற் பட்டத்தை வென்றார். ஆண்டுகள் செல்லச் செல்லத் தசையின் பருமனே பெரிதாக எண்ணப்பட்டமையால், பருமனோடு அளவமைதியும் நளினமும் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்கருத்தின் விளைவாக எழுந்த பிரிவே "பிசிக்" எனப்படும் உடற்கட்டுப் பிரிவு. ஒலிம்பியா மேடையில் இப்பிரிவுக்கான முதற் போட்டி 2013-இல் நடைபெற்றது. அதில் டானா லின் பெய்லி வாகை சூடினார்.

தமிழில் "ஆணழகன் போட்டி" என்னும் தொடர் ஆடவர் போட்டிக்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆனால், "அழகிப் போட்டி" என்றாலோ அது முற்றிலும் வேறானதொன்றைக் குறிக்கும். முகப்பொலிவும் ஆடையணியும் அங்கே அளவுகோல். பல மாத உழைப்பினால் உருவான தோளும் முதுகும் தொடையும் இங்கே அளவுகோல். இவ்வேறுபாட்டை அறியாமையே, "மகள் போட்டிக்குப் போகிறாள்" என்று கேட்டதும் பல தாய்மார் திடுக்கிடுவதற்கு முதற் காரணம்.

மலையகத் தோட்டங்களில் உடலுழைப்பு புதிதன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காலைப் பிரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கும் பெண்கள், நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்து, அதனைத் தலையிலும் முதுகிலும் தாங்கி மடுவத்திற்குக் கொண்டுவந்து நிறுக்கின்றனர். இத்துணை உழைக்கும் உடலில் ஏன் அந்த மேடைத் தசை தோன்றுவதில்லை என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே.

தசை பருமனாவதற்கு மூன்று வேண்டும். ஒன்று, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறிச் செல்லும் சுமை; இரண்டு, போதிய புரதம்; மூன்று, ஓய்வு. கொழுந்து பறித்தலோ ஒரே அளவான அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்விப்பது. அது தாங்குதிறனை வளர்க்கும், பருமனை வளர்க்காது. பயிற்சி செய்வோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் வேண்டும் என்பது இக்கால ஆய்வாளர் கூற்று. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது எண்பது கிராம். கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீருமாக நாளைக் கழிக்கும் வீட்டில் அவ்வளவு கிட்டாது. மேலும், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துவதனால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறைகிறது. தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆதலால், போட்டியை எண்ணும் பெண் முதலிற் செல்ல வேண்டிய இடம் உடற்பயிற்சிக்கூடம் அன்று. இரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவமனையே. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி ஆகியவை அவளுடைய தட்டில் இடம்பெற்ற பின்னரே இரும்பைத் தூக்குவது பயன் தரும்.

இனி, போட்டி நாளன்று நிகழ்வனவற்றை முறையாகக் காண்போம். கழகத்துக்குக் கழகம் விதிகள் சிறிது வேறுபடினும், பொதுவான ஒழுங்கு ஒன்றேயாம்.

பெரும்பாலும் முதல் நாளே பதிவு நடைபெறும். அடையாளச் சான்று பார்க்கப்படும், உயரம் அளக்கப்படும். பெண்கள் உடற்கட்டுப் பிரிவு எடையால் அன்றி உயரத்தால் வகுக்கப்படுகிறது. அனைத்துலகப் போட்டிகளில் 163 சென்ரிமீற்றர் என்பது வழக்கமான எல்லைக்கோடு. இலக்கம் பொறித்த வில்லை ஒன்று தரப்படும். அடுத்த நாள் நடுவர்க்கு அவள் அந்த இலக்கமே. பெயரும் ஊரும் தோட்டமும் அவர்கள் கணக்கில் இல்லை.

அன்றிரவு உடலெங்கும் கருநிறச் சாயம் பூசப்படும். மேடை விளக்கின் கடுமையான ஒளியில் வெளிறிய தோலின் தசைக்கோடுகள் மறைந்துவிடும்; கருத்த தோலிலேயே ஒவ்வொரு கோடும் தெளிவாகத் துலங்கும். நிறம் வெளுக்கக் களிம்பு தேடும் உலகில், கருமையை விலைகொடுத்து வாங்கிப் பூசும் இடமும் ஒன்றுண்டு என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

ஆடை, இரு துண்டாலான போட்டி உடை. தசையைக் காணாது தசையை மதிப்பிடல் இயலாது என்பதே இதற்குக் காரணம். நீச்சற் போட்டியில் நீச்சலுடை எவ்வாறோ, இங்கே இதுவும் அவ்வாறே. எனினும், இதனை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுதல் நன்று. மண்டபத்தில் அமர்ந்த பின் தந்தையோ தமையனோ முதன்முறையாகக் கண்டு மனம் கலங்குவது, மேடையில் நிற்பவளின் மனத்தையும் கலக்கும். இப்பிரிவினர் காலணி அணிவதில்லை, வெறுங்காலோடு நிற்பர். தோளும் முதுகும் மறையாதவாறு கூந்தலை ஒதுக்கிக் கட்டுதல் வேண்டும். சிறு தோடும் மணமோதிரமும் தவிர்ந்த அணிகலன்களுக்கு இடமில்லை.

காலையில் முதற் சுற்று. அதற்கு ஏறக்குறைய அரை மணிக்கு முன்னர், திரைக்குப் பின்னால் போட்டியாளர் இலகுவான எடைகளையும் இழுவைப் பட்டிகளையும் கொண்டு தோள், மார்பு, முதுகு ஆகியவற்றை இயக்குவர். இரத்தம் தசைகளிற் பாய்ந்து அவை சற்றே புடைத்துக் காணப்படும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைப் போன்ற குளிர்ந்த ஊர்களில் வாழ்வோர் ஒன்றை நன்கறிவர்: குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஆகவே, மேடைக்கு அழைக்கப்படும்வரை கம்பளியைப் போர்த்தியிருத்தல் வேண்டும்.

மேடையில் அனைவரும் வரிசையாக நிற்பர். நடுவர் ஆணையிட, நான்கு திசையும் கால்வட்டமாகத் திரும்புவர். பின்னர் நான்கு கட்டாய நிலைகள்: முன்புறமாக இருகை மடித்துக் காட்டல், பக்கவாட்டில் மார்பைக் காட்டல், பின்புறமாக இருகை மடித்துக் காட்டல், பக்கவாட்டில் மேற்கையின் பின்தசையைக் காட்டல். ஆடவரைப்போல விரல்களை மடக்கி முட்டியாக்குதல் இப்பிரிவில் ஏற்கப்படுவதில்லை. கை விரிந்தே இருத்தல் வேண்டும். காண்போர்க்கு எளிதாகத் தோன்றும் இந்நிலைகளைப் புன்னகை மாறாது, மூச்சை அடக்காது, பல நிமிடம் தாங்குதல் எத்துணைக் கடினம் என்பதை நின்று பார்த்தவரே அறிவர். இதனாற்றான், இறுதி வாரங்களில் எடை தூக்குதலைப் போலவே நிலை நிற்றலையும் நாள்தோறும் பயில்வர்.

நடுவர் இலக்கங்களைக் கூறிச் சிலரை முன்னழைத்து ஒப்பிடுவர். முதலில் அழைக்கப்படுவோர் பெரும்பாலும் முன்னணியினர்; நடுவிடத்திற்கு மாற்றி நிறுத்தப்படுபவர் முதலிடத்தை நெருங்குபவர் என்பது பொதுவான குறிப்பு. பருமன், இரு பக்கச் சமநிலை, தசைத் தெளிவு, முழு உடலின் அளவமைதி ஆகியவை நோக்கப்படும். ஒவ்வொரு நடுவரும் இடவரிசையை எண்ணால் இடுவர்; மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு எஞ்சியவை கூட்டப்படும். குறைந்த தொகை பெற்றவரே முதல்வர்.

மாலையில் இறுதிச் சுற்று. ஒவ்வொருவரும் தாம் தெரிந்தெடுத்த இசைக்கு ஏற்பத் தனித்து நின்று நிலைகளைத் தொடுத்துக் காட்டுவர். நீளம் அரை நிமிடம் அல்லது அதற்குச் சற்று மிகுதி. பல மாத உழைப்புக்கு மேடையிற் கிட்டும் தனிப் பொழுது அவ்வளவே.

இவ்வாறு மேடையேறுவோர் எங்கோ தொலைவில் உள்ளவர் மட்டுமல்லர். 2018-இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், 100 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் பிரிவில் இலங்கையரான லூசியன் புஷ்பராஜ் தங்கப் பதக்கம் பெற்றார். தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில் கூலி வேலை செய்து வந்த, இரு பிள்ளைகளின் தாயான சங்கீதா என்பவர் 2022-இல் தென்னிந்திய அளவிலான போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். வறுமை தடையே, ஆயினும் அது கடக்கவொண்ணாத தடை அன்று.

எனினும், இதனின் மேலானதொரு தடையை இங்கே சொல்லியாக வேண்டும். தோலின் கீழுள்ள நீரை வற்றச் செய்தாற் கோடுகள் தெளிவாகும் என எண்ணி, இறுதி நாட்களில் உப்பையும் நீரையும் அடியோடு நிறுத்துவோரும், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளை விழுங்குவோரும் உளர். இது விளையாட்டன்று. 1992-இல், முன்னணி வீரரான முகம்மது பெனாசிசா நெதர்லாந்துப் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் உயிர் நீத்தார். உடலின் நீர் வற்றியமை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நீரோடு உப்புச் சத்துக்களின் நிலை குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். தசையிலும் பெரும்பகுதி நீரே ஆதலால், நீரை நிறுத்தினால் தசையும் சுருங்கும் என்பதை இக்காலப் பயிற்றுநர் பலர் உணர்ந்துள்ளனர்.

ஆண்மைச் சுரப்பை ஒத்த ஊக்க மருந்துகள் மற்றொரு கேடு. அவை பெண்ணின் குரலைத் தடிக்கச் செய்யும், முகத்தில் மயிர் வளரச் செய்யும், மாதவிடாயைக் குலைக்கும். மருந்தை நிறுத்தியபின்னும் குரல் பழைய நிலைக்குத் திரும்பாமற் போகலாம். விளையாட்டில் ஊக்க மருந்தைத் தடுக்க இலங்கையில் 2013-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. "எல்லோரும் போடுகிறார்கள்" என்று கூறி ஊசியை நீட்டும் பயிற்றுநரிடமிருந்து விலகி வருபவள் தோற்றவள் அல்லள்.

மருந்து தொடாதவளுக்கும் மாதவிடாய் நின்றுபோதல் உண்டு. கொழுப்பு மிகக் குறைந்து உணவும் போதாவிடில் உடல் தானே அதனை நிறுத்திக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வராவிடில், போட்டி நெருங்கிவிட்டதே என்று எண்ணாது மருத்துவரை நாடல் கட்டாயம்.

போட்டி முடிந்த அடுத்த நாளும் போட்டி நாளைச் சேர்ந்ததே. பசித்திருந்த உடல் கண்டதையெல்லாம் கேட்கும். ஒரே நாளில் நிறைய உண்டால் கால் வீங்கும், முகம் ஊதும். மேடையிற் கண்ட வடிவம் சில நாட்களில் மறையத் தொடங்கும். அது இயற்கையே, ஆண்டு முழுதும் அவ்வடிவில் வாழ எவராலும் இயலாது. இதனை முன்பே அறியாதவள் கண்ணாடி முன் நின்று மனம் சோர்வாள். அச்சமயத்தில் வீட்டார் சொல்லும் சொல் பதக்கத்தினும் பெரிது.

தோட்டத்துப் பெண்ணின் உழைப்பு இதுநாள்வரை மடுவத்துத் தராசிலேயே நிறுக்கப்பட்டு வந்தது. எத்தனை கிலோ என்பதே கேள்வி. சுமந்த தோளைப் பற்றிக் கேட்டார் இலர். உடற்கட்டு மேடையில், அந்தத் தோளே கேள்வியாகிறது. வெற்றி ஒருவருக்கே உரியது. ஆயினும், தன் உடலைத் தானே பேணி, அறிந்து, நலங்கெடாது மேடையிலிருந்து இறங்கி வருபவள் எவளும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. அவ்வாறு திரும்புவதற்கு வேண்டிய உணவையும் அறிவையும் துணையையும் அவளுக்கு அளிப்பது வீட்டாரின் கடமை.