ஐப்பசியில் ஊட்டிக்கா? அடுக்கடுக்காய் உடுத்துங்கள்!

ஐப்பசியில் ஊட்டிக்குப் போகிறோம் என்றதுமே, என் மாமியார் பேத்திக்குத் தடிமனான ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். நான் மெல்லிய உடைகள் மூன்றை எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போது ஸ்வெட்டருக்கே வேலையில்லை. சுமார் 5 மணி நேரம் கழித்து 2,240 மீட்டர் உயரத்தில் இறங்கினால் பல் தந்தியடிக்கும். தடி ஸ்வெட்டரோடு ஏறும் குழந்தை கீழேயே வியர்த்து நனைந்துவிடும். அந்த ஈரம்தான் மேலே போனதும் நடுங்க வைக்கும்.

அதனால் உடம்போடு ஒட்டிப் பருத்தி பனியன் (மாற்று இரண்டு கைப்பையிலேயே இருக்கட்டும்), அதன்மேல் முழுக்கைச் சட்டை. குன்னூர் வந்ததும், முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். தூங்குகிற குழந்தைக்கு அதைக் கழற்றிப் பாருங்கள், தெரியும்! வடகிழக்குப் பருவமழை நேரமாச்சே, எல்லாத்துக்கும் மேலே ஒரு மழைக்கோட்டு.

குளிருதான்னு கையைத் தொட்டுப் பார்க்காதீங்க. குழந்தை கை சில்லுன்னு இருப்பது சகஜம். பிடரியில் விரலை வையுங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். இரவு தூங்கும்போது கைக்குழந்தையின் குல்லாயை எடுத்துவிடுங்கள். அதிகச் சூடு தலை வழியாகவும் வெளியேற வேண்டுமே.

நமக்கு? சேலைக்குள் பைஜாமா, காலில் சாக்ஸ், ஷூ. "சேலைக்கு ஷூவா!" என்று என் ஓர்ப்படி சிரித்தாள். மறுநாள் தொட்டபெட்டாவில், "அக்கா, மாத்து சாக்ஸ் இருக்கா?" என்று கேட்டதும் அவள்தான்.