யார் முதலில் ஆடுவது?
(டென்னிஸ் அணியில் தரம் காணும் முறை)

மட்டை பிடித்த எவரையும் "எப்படி ஆடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "சுமாராக ஆடுவேன்" என்ற விடைதான் வரும். மாநில அளவில் ஆடியவரும் சுமார்தான். சென்ற மாதம் முதன்முதலாக வலையைக் கண்டவரும் சுமார்தான். தனக்குத்தானே ஆடிக்கொண்டிருக்கும் வரை இந்தச் 'சுமார்' யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஓர் அணியாகச் சேர்ந்து இன்னோர் அணியோடு ஆட வேண்டி வரும்போது, நம்மில் முதலாமவர் யார், இரண்டாமவர் யார், இரட்டையர் ஆட்டத்துக்கு உரியவர் யார் என்று தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அங்கே 'சுமார்' செல்லாது.

டென்னிஸ் என்பது தனி ஆளின் ஆட்டம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆனால் அணியாக ஆடும் வழக்கம் அதற்குப் புதிதன்று. டேவிஸ் கோப்பை 1900-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக இளைஞர் கோப்பை 1985-இல் தொடங்கப்பட்டு, பின்னர் ஜூனியர் டேவிஸ் கோப்பை எனப் பெயர் மாறியது. அதில் ஓர் அணிக்கு மூவர். இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். அமெரிக்காவில் பள்ளி வயதினர் ஆடும் அணி லீக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் சேர்ந்து ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என எல்லாம் ஆடுகின்றனர். அங்கே எத்தனை பேர் வென்றார்கள் என்று பார்ப்பதில்லை. அணி முழுவதுமாகச் சேர்ந்து எத்தனை 'கேம்' எடுத்தது என்பதே கணக்கு. 1974-இல் தொடங்கிய உலக அணி டென்னிஸ் போட்டியிலும் இதே கணக்குத்தான் இருந்தது. நம் விஜய் அமிர்தராஜ் அதில் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்காக ஆடியிருக்கிறார்.

வரிசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். மூன்று ஒற்றையர் ஆட்டங்கள் கொண்ட ஒரு போட்டியை எண்ணிக்கொள்வோம். இரண்டு அணிகளும் ஏறத்தாழச் சமபலம். நம் அணித் தலைவர் ஒரு தந்திரம் செய்கிறார்: நம் மூன்றாமவரை எதிரணியின் முதலாமவருக்குப் பலியாகக் கொடுத்துவிட்டு, நம் முதலாமவரை அவர்களுடைய இரண்டாமவருடனும், நம் இரண்டாமவரை அவர்களுடைய மூன்றாமவருடனும் ஆடச் செய்கிறார். ஓர் ஆட்டம் போகும், இரண்டு வரும்; போட்டி நம்முடையது. ஆட்டத்தைக் கெடுக்கும் தந்திரம் இது. பலியாக அனுப்பப்பட்ட அந்த மூன்றாமவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அவன் காலையில் எழுந்து மட்டையைத் தூக்கி வந்தது தோற்பதற்காகவே. இதனால்தான் தரத்தின்படியே வரிசை அமைய வேண்டும் என்று லீக்குகள் விதி செய்கின்றன. கேம்களைக் கூட்டி வெற்றியை முடிவு செய்யும் முறையில் இத்தந்திரம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. பலியாகச் சென்றவர் 0-6 என்று தோற்றால் அந்த ஆறு கேம்களும் அணியின் கணக்கிலிருந்தல்லவா கழிகின்றன? புதிதாக லீக் தொடங்குவோர் கேம்களை எண்ணும் முறையை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இனித் தரத்தை எப்படிக் காண்பது? எளிய வழி வயது. அகில இந்திய டென்னிஸ் சங்கம் இளையோர் போட்டிகளை 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரித்து நடத்துகிறது. வயது ஒருவனின் உயரத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாது. ஏழு வயதில் மட்டை பிடித்த பதினான்கு வயதுச் சிறுவன், கல்லூரிக்கு வந்து மட்டை பிடித்த இருபது வயது இளைஞனைக் களம் முழுதும் ஓடவைப்பான். (எங்கள் எஸ்டேட் மைதானத்தில் கால்பந்தும் கைப்பந்தும் உண்டு, டென்னிஸ் வலையை நான் கல்லூரிக்கு வந்தபின்தான் தொட்டுப் பார்த்தேன்.)

அடுத்த வழி, கண்ணால் பார்த்து மதிப்பிடுவது. 1970-களின் இறுதியில் அமெரிக்கர்கள் 1 முதல் 7 வரை அரை அரையாக ஏறும் படிகளை வகுத்தனர். ஒவ்வொரு படிக்கும் ஒரு வருணனை உண்டு. நடுத்தர வேகப் பந்தைத் தவறாமல் திருப்புவார், ஆனால் நினைத்த இடத்தில் போட மாட்டார் என்றால் 3. இருபுறமும் நம்பத்தக்க அடி, திசையும் கைவசம் என்றால் 4. படித்துப் பார்த்து நம் படியை நாமே சொல்லிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், தன்னைத்தானே மதிப்பிடும்போது ஒருவன் தன் மிகச் சிறந்த அடியைத்தான் நினைத்துக்கொள்கிறான். வலது கை அடி இடிபோல் விழுந்த ஒரு மாலைப்பொழுது அவன் நினைவில் நிற்கும். இரண்டு முறை தவறிப் புள்ளி பறிபோன சர்வீஸ் நிற்காது. வேறு சிலர் வேண்டுமென்றே தாழ்த்திச் சொல்லி, கீழ்ப்படியில் இறங்கிக் கோப்பையை எடுத்துப் போவதும் உண்டு.

கண்ணால் பார்ப்பதில் வல்லவர்கள் கிளப்புகளில் இருக்கும் 'மார்க்கர்கள்'. உறுப்பினர்களோடு பந்தடித்துப் பழக்குவதே அவர்கள் வேலை. பழைய நாளில் கிளப் பந்தயங்களில் வலியவர் பதினைந்து புள்ளி கடனோடு தொடங்குவதும், எளியவர் பதினைந்தோ முப்பதோ முன்கூட்டியே பெற்றுத் தொடங்குவதும் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு இன்றும் இட்டுவரும் 40, 30, 15, 0 என்ற படிப்பெயர்கள் அந்தப் பழக்கத்தின் மிச்சமே. யாருக்கு எவ்வளவு கொடுத்தால் ஆட்டம் சமமாகும் என்று ஒவ்வொருவரோடும் அன்றாடம் ஆடும் மார்க்கருக்குத் தெரியும். ஆனால் பல களங்களில் எல்லோரையும்விட நன்றாக ஆடும் அந்த மார்க்கரின் பெயர் எந்தத் தரவரிசையிலும் இராது.

தரவரிசை என்றதும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தரவரிசை வேறு; தர எண் வேறு. தரவரிசை, போட்டிகளில் சேர்த்த புள்ளிகளைக் கூட்டி வருவது. ஊர் ஊராகச் சென்று ஆடினால்தான் புள்ளி சேரும். நுழைவுக் கட்டணம், பேருந்துச் செலவு, தங்கும் செலவு எல்லாம் அதற்குள் மறைந்திருக்கின்றன. செலவழிக்க முடியாதவனுக்குத் தரவரிசை இல்லை. அதனால் அவனுக்குத் தரமே இல்லை என்று கொள்வது எவ்வளவு பெரிய தவறு!

தர எண் என்பது யாரோடு ஆடி என்ன முடிவு கண்டோம் என்பதிலிருந்து வருவது. சதுரங்கம் ஆடுவோர் இதை அறிவர். ஆர்பத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரிடையே 200 எண் வேறுபாடு இருந்தால், நூறு ஆட்டங்களில் வலியவருக்கு 76 வெற்றிகளுக்கு ஈடான புள்ளிகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததற்கு மேல் சாதித்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். டென்னிஸிலும் இவ்வகைக் கணக்குகள் வந்துவிட்டன. யூ.டி.ஆர். என்பது 1 முதல் 16.5 வரை போகும். அதில் வயதும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. அகில உலகக் கூட்டமைப்பின் உலக டென்னிஸ் எண் 40-இல் தொடங்கி 1-ஐ நோக்கி இறங்கும். யூ.டி.ஆர். வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பதில்லை. தம்மைவிட மிக வலியவரிடம் 4-6 என்று தோற்றவர், எண்ணில் ஏறவும் கூடும்.

கணக்கை ஒரு சிறு எடுத்துக்காட்டில் காண்போம். அ, ஆ, இ என்று மூவர். அ, ஆ-வை 6-4 என்றும், இ-யை 7-5 என்றும் வெல்கிறார். ஆ, இ-யை 6-2 என்று வெல்கிறார். அ ஆடிய 22 கேம்களில் 13 எடுத்தார், நூற்றுக்கு 59. ஆ 18-இல் 10; நூற்றுக்கு 56. இ 20-இல் 7, நூற்றுக்கு 35. வரிசை கிடைத்துவிட்டது. முதல் இருவரிடையே இடைவெளி மிகச் சிறிது என்பதும் தெரிந்துவிட்டது. இப்போது ஈ என்ற ஒருவர் வேறு ஊரிலிருந்து வருகிறார். தம் ஊரில் எல்லோரையும் 6-0 என்று வென்றவர், நூற்றுக்கு நூறு! அவரை முதலாமவராக எழுதிவிடலாமா? கூடாது. அவர் வென்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. இரண்டு தீவுகள் தனித்தனியே கிடக்கின்றன. இடையே பாலம் இல்லை. ஈ ஒரே ஒரு செட் இ-யோடு ஆடி 3-6 என்று தோற்றால் போதும். ஈ-யின் இடம் ஓரளவு தெரிந்துவிடும். அதோடு, ஈ-யிடம் தோற்ற அவ்வூர்க்காரர் அனைவரின் இடமும் ஓரளவு தெரிந்துவிடும். அந்த ஒரு செட் இல்லாத வரை, எவ்வளவு ஆடினாலும் எண் பிறக்காது.

நம் நீலகிரியின் நிலை இதுதான். லவ்டேல் முதலான இடங்களின் உறைவிடப் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் களங்கள் உண்டு. அங்கங்கே நன்றாக ஆடுவோரும் உண்டு. ஆனால் ஒரு களத்தார் மறு களத்தாரோடு ஆடுவது அரிது. மலையிறங்கிக் கோவையில் ஆடுவது அதனினும் அரிது. ஒவ்வொரு களமும் ஒரு தீவு.

மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்பியல் மாணவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவை 400 மீட்டரை ஒட்டியது. உதகைக் காற்று கோவைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. எனவே பந்தைத் தடுக்கும் விசை குறைகிறது. அதே அடி அதிகத் தொலைவு போகிறது. மேல்சுழல் கொடுத்து அடித்தால் பந்து கீழ்நோக்கி வளைந்து இறங்குவதும் காற்றின் உதவியால்தான். காற்று மெலிந்தால் அந்த வளைவும் குறைகிறது. கோவையில் கோட்டுக்குள் விழும் பந்து இங்கே கோட்டைத் தாண்டும். மேலும், அழுத்தம் ஏற்றிய பந்தின் உள்ளழுத்தம் மாறாதிருக்க வெளியழுத்தம் குறைவதால் பந்து கூடுதலாக எழும்புகிறது. ஆனால் உறைபனி விழும் சனவரிக் காலையில் பந்தின் ரப்பரும் விறைத்துப் போவதால் எழுச்சி மந்தமாகிவிடும். ஒரே களம், ஒரே பந்து. காலையில் ஓர் ஆட்டம், வெயில் ஏறியபின் வேறோர் ஆட்டம்.

விதி வகுத்தோர் இதை அறியாதவர்கள் அல்லர். சாதாரணப் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென 122 முதல் 135 வரை மட்டுமே எழும்பும் தனிப் பந்தை அகில உலக விதிகள் அனுமதிக்கின்றன. உதகை, குன்னூர், கோத்தகிரி மூன்றும் அக்கோட்டுக்கு மேலே. கூடலூர் சற்றுக் கீழே.

ஆகவே கோவை அணி இங்கு வந்து முதல் நாளில் பந்துகளை வெளியே அடித்துத் தோற்றால் அதை நம் தரமாக எழுதிக்கொள்ளக் கூடாது. நம்மவர் கீழே சென்று, அடித்த பந்தெல்லாம் பாதிக்களத்தில் விழ, வெயிலில் வாடித் தோற்றால் அதையும் முடிவாகக் கொள்ளக் கூடாது. களம் மாறினால் எண்ணின் பொருள் மாறும் என்பதற்குப் பெரிய சான்று 1987-இல் கிடைத்தது. டேவிஸ் கோப்பையில் தில்லிப் புல்தரையில் 33 வயது விஜய் அமிர்தராஜ், தரவரிசையில் தமக்கு மிக மேலே இருந்தவரும் செம்மண் களத்தில் பழகியவருமான அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஹைட்டேயை வென்றார். அவ்வாண்டு இந்தியா இறுதிப் போட்டி வரை சென்றது. தன் களத்தில் ஒன்று, எதிரியின் களத்தில் ஒன்று என லீக் ஆட்டங்களை அமைப்பதன் நியாயம் இதுவே.

அப்படியானால் அணி அமைக்க விரும்பும் மலைநாட்டு மாணவர்கள் என்ன செய்யலாம்? பெரிய பொருட்செலவு வேண்டாம். ஆறு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் ஒரு செட் ஆட மொத்தம் 15 செட். மாலை மூன்று செட் என்றால் ஐந்து மாலைகள். மழையும் பனியும் விட்ட பிப்ரவரி முதல் மே வரையிலான காலம் ஏற்றது. முடிவை வெற்றி என்று மட்டும் எழுதாமல் கேம் கணக்கோடு எழுத வேண்டும். ஆடிய களத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். பக்கத்துக் களத்தாரை அழைத்து ஆடும்போதும் அப்படியே. இரட்டையருக்கு வேறு கணக்கு வைப்பது நல்லது. வலைக்கருகே கை சுறுசுறுப்பானவன் ஒற்றையரில் ஐந்தாவதாக இருந்தும் இரட்டையரில் முதல்வனாக இருக்கக்கூடும்.

சங்கப் போட்டிகளில் ஆட விரும்புவோர் வயதுச் சான்றுடன் அகில இந்திய சங்கத்தில் பதிவு எண் பெற வேண்டும். எல்லோரும் பெற்று எல்லோரும் கோவைக்குச் செல்ல நம்மால் இயலாது. ஒருவர் சென்றால் போதும், பாலம் அமைந்துவிடும். அவர் அங்கே நான்கைந்து ஆட்டம் ஆடித் திரும்பினால், அவரோடு இங்கே ஆடியவர் அனைவரின் தரத்தையும் வெளியுலக அளவுகோலில் ஓரளவு கணிக்கலாம். போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே அவரை அனுப்பி, ஓரிரு செட் பழகச் செய்வது நலம். செலவை ஆறு பேரும் பகிர்ந்துகொள்ளலாம். பயன் ஆறு பேருக்குந்தானே! யாரை அனுப்புவது என்றால் முதலாமவரைத்தான் என்று உடனே தோன்றும். நான் கணக்குப் போட்டுப் பார்த்த அளவில், எல்லோரோடும் அதிக செட்கள் ஆடியிருப்பவரை அனுப்புவதே சரி. அவர் நம் வரிசையில் மூன்றாமவராகவோ நான்காமவராகவோ இருந்தாலும் குற்றமில்லை.